நூலா? வாளா?

தோழா!

"சென்னையிலே காத்தாடி நூல் கழுத்தை அறுக்கிறதாம், அதற்குத் திருவரங்குளத்திலே நாம் ஏன் கூட்டம் போடவேண்டும்?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். நம் குளக்கரையிலே ஈர்க்குச்சி வளைத்து, தாள் ஒட்டி, கந்தல் துணியை வாலாகக் கட்டிச் சிறுவன் விடும் பட்டம் எவர் கழுத்தைத் தேடிப் போகிறது?

ஆனால், உன் தெருவிலிருந்து பிழைப்புத் தேடிப் பட்டணம் போனவர்களை எண்ணிப் பார். அங்கே அவர்கள் எதில் ஏறிச் சோறு தேடுகிறார்கள்? இருசக்கர வண்டியில்! அதற்குக் கதவு உண்டா? கண்ணாடி உண்டா? காரிலே பவனி வரும் கனவானின் கழுத்தை மாஞ்சா தொடுவதில்லை, தோழா!

2019 நவம்பர் 3, ஞாயிறு மாலை. வடசென்னைக் கொருக்குப்பேட்டை. தந்தை ஓட்டிய வண்டியிலே முன்னே அமர்ந்து வந்த மூன்று வயதுப் பாலகன். அறுந்து வந்த நூல் அந்தப் பிஞ்சுக் கழுத்தைச் சுற்றியது, உயிரைக் குடித்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2015-இலும், இதே சென்னையில் இதே வகையில் ஐந்து வயதுச் சிறுவன் மாண்டான். ஒரு சாவு போதவில்லை நாட்டுக்கு!

நூல் எப்படி வாளாகிறது? கண்ணாடியைத் தூளாக்கி, வஜ்ஜிரப் பசையிலே குழைத்து, சாயம் சேர்த்து நூலிலே பூசுகிறார்கள். அடுத்தவன் காத்தாடியை அறுத்து வீழ்த்தும் 'டீல்' விளையாட்டுக்கு அந்தக் கூர்மை தேவையாம்! அறுந்த காத்தாடி காற்றோடு போகும். நூலோ மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் சிக்கிச் சாலையின் குறுக்கே விறைத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பருத்தி நூலாயின் இழுத்த இழுப்பில் அறுந்துவிட வாய்ப்புண்டு. நைலான் அறுவதில்லை; வண்டியின் வேகமே அதனை ரம்பமாக்குகிறது. தலைக்கவசம் தலையைக் காக்கும். தொண்டைக்கு அது துணையில்லை.

செய்கிறவனையாவது விட்டுவைக்கிறதா? உத்தரப் பிரதேசத்துப் பரேலியிலே மாஞ்சா இழைக்கும் தொழிலாளியின் விரல்களைப் பார்த்தால் தெரியும், கண்ணாடித்தூள் முதலில் கீறுவது யாரை என்று! பெயர் 'சீன மாஞ்சா', பழி அயலான்மீது. உள்நாட்டுப் பட்டறை முதலாளிக்கு எவ்வளவு வசதியான பெயர்!

சட்டம் இல்லாமலில்லை. 2017 ஜூலை 11-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடை விதித்தது. 2023-இல் தமிழக அரசும் நைலான், பிளாஸ்டிக் நூலைச் செய்யவோ விற்கவோ வைத்திருக்கவோ கூடாதென ஆணையிட்டது. ஆயினும் 2024 நவம்பரில் வியாசர்பாடிப் பாலத்தில், பெற்றோருடன் வண்டியில் வந்த குழந்தையின் கழுத்து கிழிந்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் குப்பத்துச் சிறுவன் பிடிபடுகிறான். லொட்டாயோடு படம் எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாக அனுப்பியவன் முகம் எந்தப் படத்திலாவது வந்ததா?

"பட்டமே வேண்டாமென்கிறாயா?" என்று சீறாதே. கடல் கடந்து பார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலே பொங்கல் நாளில் பட்டத் திருவிழா நடக்கிறது. ஆள் உயரத்தையும் மிஞ்சும் பட்டங்கள். விண் பூட்டி வானிலே ஓசை எழுப்பும் பட்டங்கள்! எவன் பட்டம் அழகு என்பதே அங்கே போட்டி. எவன் எவனை அறுத்தான் என்பதல்ல. அதுவும் தமிழன் விளையாட்டுத்தான்!

ஆகவே கூட்டம் போடு, தோழா. விடுமுறைக்கு முன்பே போடு. ஆலங்குடிச் சாலைக் கடைகளில் அந்த நூல் தொங்குகிறதா என்று பார். தொங்கினால் கடைக்காரரிடம் பணிவாகச் சொல், கேளாவிடில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடு. கம்பத்தில் சிக்கிய நூலை நீயே இழுக்காதே, மின்சாரம் பாயும்; மின்வாரியத்தாரை அழை. குழந்தையை வண்டியின் முன்னே உட்கார வைக்கவேண்டாமென்று தாய்மாரிடம் சொல். கழுத்து அறுபட்டவரைக் கண்டால் தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, பிடித்த கையை எடுக்காமலே, 108-ஐ அழைத்துப் புதுக்கோட்டை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல். கூட்டத்திலே இதனை இரண்டு முறை சொல்.