பேர் சொன்னவரை மறக்கலாமா?

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு. திருச்செந்தூர் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு ஆரம்பமாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பந்தலுக்கு வெளியே, டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரும் வில்லுப்பாட்டுக்காரர்தான். ஆனால் அன்று பாட வந்தவர் அல்ல, கேட்க வந்தவர்.

"நீங்கள் பாடவில்லையா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இந்த ஊருக்கு ரொம்ப வருஷமா நான்தான் தம்பி. போன வருஷம் தொண்டை கட்டிக்கிட்டு. இந்தப் பையன் பேரைச் சொல்லி நான்தான் அனுப்பி வச்சேன். இந்த வருஷம் நோட்டீசுல அவன் படம் இருக்கு. நல்லாப் பாடுதான்" என்றார்.

பேச்சில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு போனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கைவிட்டு எண்ணும் இரவுகள்

மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது சின்ன சமாசாரமாகத் தோன்றலாம். வில்லுப்பாட்டுக்காரருக்கும், நையாண்டி மேளக்காரருக்கும், கரகாட்டக்காரிக்கும் அப்படி அல்ல. அவர்களுக்கு ஆபீஸ் இல்லை. உத்தியோக உத்தரவு இல்லை. வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து யாராவது அழைத்தால்தான் அன்றைக்கு வேலை.

தூத்துக்குடி, நெல்லைச் சீமையில் கொடைகள் பெரும்பாலும் செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் வரும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று சில மாதங்களில் ஊருக்கு ஊர் கொடை. மாதத்துக்கு நாலோ ஐந்தோ செவ்வாய்; நாலோ ஐந்தோ வெள்ளி. அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. வேஷம் போட்டு நேர்ச்சை செலுத்துகிற பக்தர்கள் ஊருக்கு ஊர் தசராக் குழு அமைத்துக்கொள்கிறார்கள். அத்தனை குழுவுக்கும் ஒரே சமயத்தில் மேளம் வேண்டும், ஆட்டம் வேண்டும். கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்தால் மேளத்தை உறையில் போட்டு வைக்க வேண்டியதுதான்.

2020-ஆம் வருஷத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள். கொரோனாவினால் கொடைகள் நின்றன. தசராவும் கூட்டமில்லாமல் நடந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007-ல் அமைந்த நல வாரியம் இருக்கிறது. அது உதவித் தொகை தரும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு வேலை தராது. அதைத் தருவது இன்னொரு கலைஞரின் வாய்தான்.

எப்படி என்று பாருங்கள். ஒரே செவ்வாயில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு கோஷ்டியைத் தேடி வருகிறார்கள். ஓர் ஊருக்குத்தான் போக முடியும். "அன்றைக்கு நான் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்னாரைக் கூப்பிடுங்கள், குறை இருக்காது" என்று அவர் ஒரு பேரைச் சொல்கிறார். அந்தப் பேருக்கு உரியவர் வீட்டில் அன்று அடுப்பு எரிகிறது.

ஜாமீன் கையெழுத்து

பேர் சொல்வது வாய்வார்த்தைதானே, காசா பணமா என்று கேட்கலாம். காசு கொடுப்பதைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். கொடுத்த காசு போனால் காசோடு போயிற்று. சொன்ன பேர் கெட்டால் சொன்னவர் பேரும் கெடும்.

கொடையில் வில்லுப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று கொடைக்கு ஒரு முறை உண்டு. அந்தந்த வேளைக்கு அந்தந்தத் தெய்வத்தின் கதை வரவேண்டும். சுடலைமாடன் கதையை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து, உடுக்கையும் குடமும் உச்சத்தில் ஏறும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். கதை தெரியாதவர் வில்லின் முன்னால் உட்கார்ந்து சினிமாப் பாட்டு மெட்டில் நேரத்தை ஓட்டினால், ஊரார் அவரை மட்டுமா ஏசுவார்கள்? "யார் இந்த ஆளைச் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆகவே பேர் சொல்வது ஜாமீன் கையெழுத்துப் போடுவதுபோல. இத்தனை வருஷம் பாடிச் சேர்த்த நம்பிக்கையை, ஓர் இரவுக்கு இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறார் அந்த மனிதர்.

நாடக மேடை சொல்லும் பாடம்

இந்தப் பழக்கம் வில்லுப்பாட்டோடு நிற்பதல்ல. ஸ்பெஷல் நாடகம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் இந்தத் தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. சுவாமிகள் 1922-ல் காலமானார். ஆனால் அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் கிராமத்து மேடைகளில் விடிய விடிய நடக்கின்றன.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் வெவ்வேறு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சுவாமிகளின் நாடகம் பாடம். திரை தூக்கினால் அங்கேயே முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

நாளைக்கு யார் எதிரே நின்று பாடப் போகிறார்கள் என்பது இன்று யார் யார் பேரைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. "அந்த அம்மாள் நேரத்துக்கு வந்துவிடுவார்", "அந்த ஆர்மோனியம் பாடகரை அமுக்கமாட்டார்" என்று ஒருவர் சொல்லும் நல்ல வார்த்தை இன்னொருவருக்கு ஒரு சீசனையே சம்பாதித்துக் கொடுக்கும். ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கமிஷன் உண்டு. அது தொழில். ஆனால் ஏஜெண்டும் நாடகக்காரர்களைக் கேட்டுத்தானே பேரைத் தெரிந்துகொள்கிறார்!

ஒரு பாட்டு கைமாறிய கதை

விட்டுக்கொடுத்து இன்னொருவர் பேரைச் சொல்வதற்கு ஓர் உதாரணத்தைத் தமிழ்நாடே அறியும். 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் 'சிங்கார வேலனே' பாட்டு. அதில் நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர்; கோவில்பட்டி தன்னுடையவர் என்று உரிமை கொண்டாடுகிற மேதை. அந்த நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடக் குரல் தேடியபோது, பாடகி பி. லீலாதான் எஸ். ஜானகியின் பேரைச் சொன்னார் என்று திரையுலகில் சொல்வார்கள். பி. லீலா அப்போதே பேர்பெற்ற பாடகி. தம்மிடம் வந்ததை, 'இது அந்தப் பெண்ணுக்குப் பொருந்தும்' என்று இன்னொருவருக்குத் திருப்பிவிட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்தப் பாட்டு ஜானகியைச் சிகரத்துக்குக் கொண்டுபோயிற்று. லீலாவின் புகழ் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

பேர் சொல்வதால் சொன்னவருக்குக் குறைவு வராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கமிஷன் நன்றியாகுமா?

சரி, வேலை வாங்கித் தந்தவருக்கு எப்படி நன்றி செலுத்துவது? "நூற்றுக்குப் பத்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் சம்மதம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பேர் சொல்ல ஆரம்பித்தால், நல்லவர் பேர் வராது. ஜாஸ்தி கொடுக்கிறவர் பேர்தான் வரும். அப்போது ஊர்க்காரர்கள் கலைஞரின் வார்த்தையை நம்புவதை விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் நஷ்டம்.

ஒரு விலக்கு உண்டு. உடம்பு முடியாமல் ஒருவர் தம் இரவை விட்டுக்கொடுத்தார் என்றால் கதை வேறு. அவர் இழந்தது வருமானம். அந்த இரவுச் சம்பளத்தில் ஒரு பங்கை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மனுஷத்தன்மை. அதற்குக் கமிஷன் என்று பேர் வைக்கக் கூடாது.

மற்றபடி காசில்லாத நன்றிகள் நாலு இருக்கின்றன.

முதலாவது, நேரத்துக்குப் போய், குடிக்காமல், குறைவைக்காமல் பாடிவிட்டு வருவது. சொன்னவர் முகத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய நன்றி.

இரண்டாவது, மறுநாள் அவருக்குச் சொல்வது. "அண்ணாச்சி, கொடை நல்லபடியா முடிஞ்சுது. தர்மகர்த்தா உங்களை விசாரிச்சாரு." இவ்வளவு போதும்.

மூன்றாவது, அங்கே போய் விலையைக் கெடுக்காமல் இருப்பது. "அவர் அவ்வளவா கேட்கிறார்? அடுத்த வருஷம் நான் பாதிக்கு வருகிறேன்" என்று தர்மகர்த்தாவின் காதில் ஓதுகிறவர், ஏணியில் ஏறியதும் ஏணியைக் கொளுத்துகிறவர். நாளைக்கு அவரைவிட மலிவாக ஒருவர் வரத்தான் போகிறார்.

நாலாவது, தம்மிடம் மிஞ்சுகிற வேலைக்கு இன்னொருவர் பேரைச் சொல்வது. வாங்கினவருக்கே திருப்பித் தரவேண்டும் என்பதில்லை. கீழே நிற்கிற ஓர் இளையவருக்குத் தந்தாலும் கணக்கு நேராகிவிடும்.

ஊருக்கு உரிமை இல்லையா?

இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "ஊர் யார் வீட்டுச் சொத்து? எங்கள் பாட்டு பிடித்திருந்தது, மறுபடியும் அழைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? எங்கள் பிள்ளைகளுக்குப் பசிக்காதா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வரி போட்டுக் கொடை நடத்துகிறவர்களுக்கு வேண்டியவரை அழைக்க முழு உரிமை உண்டு. ஆனால் முன்பணத்தில் கை வைக்கும் முன்னால் ஒரு போன். "அண்ணாச்சி, உங்க ஊர்ல என்னைக் கூப்பிடுதாவ. போகட்டுமா?" நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "போயிட்டு வா தம்பி" என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பெரியவர்களை நோகச் செய்வது போன வேலை அல்ல. அதைச் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேர் சொன்னதோடு மறந்துவிட வேண்டும். "இவன் நான் தூக்கிவிட்ட ஆள்" என்று பந்தலுக்குப் பந்தல் சொல்லிக்கொண்டு திரிந்தால், செய்த உதவி கடனாக மாறிவிடும். பிறகு வட்டியும் கேட்கத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. பேர் சொல்கிறபோது ஊரைப் பற்றிய உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் ஆட வேண்டும்? பேசிய பணத்தைக் காலையில் எண்ணிக் கொடுப்பார்களா, இழுத்தடிப்பார்களா? கரகம் எடுக்கும் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை உண்டா? குடித்துவிட்டு மேடையருகே வருகிறவர்களைத் தடுக்க ஊர்ப் பெரியவர்கள் நிற்பார்களா? தாம் போகத் தயங்குகிற இடத்துக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு அதை உபகாரம் என்று சொல்லிக்கொள்வது அநியாயம்.

கயிறு பிடித்த கை

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தூரம் போக வேண்டாம். இங்கே கடைசியாக அரசாங்க முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. பழைய சலாபங்களில் ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள் என்று முறை இருந்தது. ஒருவர் இறங்கினால் மற்றவர் இளைப்பாறுவார். அப்புறம் முறை மாறும். தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். குளியாள் கயிற்றை அசைத்ததும் அவர் இழுக்க வேண்டும். கடலுக்குள் போகாதவர்தான், சிப்பியைத் தொட்டு எடுக்காதவர்தான். ஆனாலும் குளியாளின் பங்கில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தக் கை இல்லாவிட்டால் முத்தும் இல்லை, உயிரும் இல்லை என்று குளியாளுக்குத் தெரியும்.

கலைஞர்கள் வாழ்க்கையும் அப்படித்தான். இந்த வருஷம் மேடையில் இருப்பவர் அடுத்த வருஷம் தொண்டை கட்டிப் பெஞ்சில் உட்காரலாம். அன்றைக்கு அவர் பேரை யாராவது சொல்ல வேண்டும்.

அன்று இரவு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேனே! குடத்தில் அடி விழுந்ததும் பெரியவர் எழுந்து பந்தலுக்குள் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். சாமக்கொடை முடிந்து கூட்டம் கலைந்தபோது, பாடிய இளைஞர் அவரைக் கண்டார். வேஷ்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்து, "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டியளா?" என்றார்.

மரியாதை தெரியாத பிள்ளை அல்ல. எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வேலை தேடித் தந்தவருக்கு இன்னும் போன் செய்யாதவர்கள், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இப்போதே செய்யலாமே!