கம்பி நிமிர்த்தும் பாடம்

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2007-ஆம் ஆண்டில் வகுத்த பாடவிதிகளில், பல் சீரமைப்பியலுக்குரிய செய்முறைப் பயிற்சிகளின் வரிசையில் முதலாவதாக நிற்பது, 22 கேஜ் அல்லது 0.7 மில்லிமீட்டர் கம்பியை நிமிர்த்துதல், நான்கு எண்ணம், என்னும் ஒரே வரியாகும். அதற்குப் பின்பு சமபக்க முக்கோணம், செவ்வகம், சதுரம், வட்டம் என்று வடிவங்கள் வருகின்றன. கிளாஸ்ப்களும் ஸ்பிரிங்குகளும் லேபியல் போவும் தலைகாட்டுவது அவற்றுக்கும் பின்னர்தான். 1959-இல் தொடங்கப்பெற்ற நமது திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற பழைய ஸ்தாபனங்களாயினும், நேற்று முளைத்த தனியார் கல்லூரிகளாயினும், மாணவர் கையில் குறடு ஏறுவது இந்த வரியிலிருந்து என்பதே விதி. ஆனால் இவ்வரியை ஒரு பிற்பகலுக்குள் ஒப்பேற்றிவிட்டு முக்கோணத்துக்கு ஓடிவிடுகிற வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடையே மெல்லப் பரவி வருவதால், அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியது அவசியமாகிறது.

சுருளிலிருந்து ஆறங்குலம் வெட்டியெடுத்த கம்பியின் ஒரு நுனியைக் குறட்டின் வாயில் பற்றிக்கொண்டு, வளைவின் புடைத்த பக்கத்தில் கட்டைவிரலின் சதையை ஊன்றி, ஆட்காட்டி விரலை மறுபக்கம் அணைவாக வைத்து, குறட்டருகிலிருந்து மறுநுனி வரைக்கும் ஒரே சீராக உருவுவதுதான் இந்த அப்பியாசத்தின் முதற்படி. கையுறை அணிந்து உருவினால் ரப்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடையிடையே நின்று நின்று நகரும். பழைய பருத்தித்துணித் துண்டொன்றே உத்தமம். உருவும்போது கம்பி நேரான நிலையோடு நின்றுவிடாமல் அதைச் சற்றே தாண்டி எதிர்ப்பக்கம் போகவேண்டும். விட்டவுடன் திரும்பிவந்து நேரில் நிற்கவேண்டும். எவ்வளவு தாண்டினால் எவ்வளவு திரும்பும் என்கிற கணக்கை எந்த விரிவுரையாலும் ஊட்டிவிட முடியாது. விரல்தான் அதைப் பயின்றுகொள்ள வேண்டும். பிற்காலத்தில் ஆடம்ஸ் கிளாஸ்பின் அம்புமுனையை மடிக்கும்போதும், அரை மில்லிமீட்டர் கம்பியில் ஸ்பிரிங்கின் சுருளைச் சுற்றும்போதும் உதவுவது இதே கணக்குத்தான் என்பதை மாணவர் அப்போது அறியமாட்டார். அறிய வேண்டிய அவசரமும் இல்லை.

உருவிய கம்பியைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து விரல்நுனியால் உருட்டிப் பார்த்தால், நேரானது ஓசையின்றி உருண்டுபோகும். கோணல் எஞ்சியிருந்தால் ஒரு நுனி எழும்பி டக்கென்று விழும், கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தோன்றி மறையும். ஒரு திசையில் நேராகத் தோன்றியது கால்வட்டம் திருப்பியதும் வளைந்து காட்டுவது சகஜம். ஆகவே ஜன்னலை நோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுனியோடு நுனியாகக் கம்பியின் நீளத்தையே நோக்குகிற பழக்கமும் இங்கேதான் பிறக்கிறது.

இதுவரை சொன்னது வளைவுக்குப் பொருந்தும். மடிப்பு வேறு ஜாதி. 0.7 மில்லிமீட்டர் கம்பி 35 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளையமாகச் சுருண்டிருக்கையில் அதன் வெளிப்புறம் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே நீள்கிறது. அதே கம்பி, சுருளை அவிழ்க்கையில் கண்ணி விழுந்து, உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமளவுக்கு மடிந்துவிட்டால், வெளிப்புறம் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கும் மேல் நீண்டுவிடுகிறது. அப்படி நீண்ட எஃகு அவ்விடத்தில் கடினப்பட்டுவிடுகிறது. அதை நிமிர்த்துவதாக எண்ணிக் குறட்டால் அழுத்தும் மாணவர், மடிந்த புள்ளி அசையாமலிருக்க, அதன் இருபுறத்திலும் உள்ள மெத்தென்ற பாகங்கள் வளைந்துகொடுப்பதைக் கண்டு திகைக்கிறார். ஒரு கோணலை நீக்கப்போய் மூன்று கோணல்கள் சேர்ந்து பாம்பாக நெளிகிற கம்பியே அவருக்கு மிஞ்சுகிறது. பலத்தைப் பிரயோகித்து ஒருவாறு நேராக்கினாலும், குறட்டுவாயின் விளிம்பு பதிந்த பள்ளங்கள் அங்கே நிற்கும். வாயில் இட்ட கிளாஸ்ப் முறிந்தால், முதலில் தேடவேண்டிய இடம் இத்தகைய பள்ளமே.

சூடேற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. திவான் ராஜா கேசவதாசர் அமைத்த திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பொற்கொல்லர் கம்பியை நெருப்பில் காட்டிப் பதம் வரவைத்து, கம்பியச்சின் துளை வழியே இழுத்து, இறுகியதும் மறுபடியும் நெருப்பில் காட்டுவது வழிவழி வந்த தொழில்முறை. பொன்னுக்கும் வெள்ளிக்கும் அது தகும். நாம் உபயோகிப்பதோ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்த துருப்பிடியா எஃகு. அதன் விறைப்பு முழுவதும் குளிர்ந்த நிலையில் இழுக்கப்பட்டதால் வந்தது. சிவக்கக் காய்ச்சினால் அவ்விறைப்பு போய்விடும். பொன்னைப் போல மறுபடி இழுத்து இறுக்கிக்கொள்ள நம்மிடம் வழியும் இல்லை. குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துரு எதிர்க்கும் குணமும் குறையும். சுமார் 400 டிகிரி செல்சியஸில் சில நிமிஷங்கள் வைத்து உள்ளழுத்தத்தைத் தணிப்பது நல்லதே. ஆனால் அது வளைத்து முடித்த வேலைக்குச் செய்கிற உபசாரம், மடிப்புக்குச் செய்கிற சிகிச்சை அன்று.

நிமிர்த்தும் வேலையே கம்பியை மாற்றிவிடுகிறது என்பதற்குத் தொழிற்சாலை சாட்சியமும் உண்டு. அடிலெய்டு நகரத்துப் பல் சீரமைப்பியலர் ரேமண்ட் பெக் என்பாருக்காக உலோகவியலாளர் ஏ. ஜே. வில்காக் தயாரித்தளித்த ஆஸ்திரேலியக் கம்பி, ஆதியில் சுழலும் வெண்கல உருளைகளுக்கிடையே முறுக்கி இழுத்து நேராக்கப்பட்டது. அதனால் கம்பியின் வடிவம் சிதைந்து, விளைவெல்லையும் தாழ்ந்தது. ஒரு திசையில் நெளித்த உலோகம் எதிர்த்திசையில் முன்னிலும் எளிதாக இணங்கிவிடுகிறது என்பதை ஜெர்மானியர் யோகான் பௌஷிங்கர் 1886-இலேயே கண்டுசொல்லியிருந்தார். பிற்பாடு துடிப்பு முறையில் நேராக்கும் யந்திரம் வந்தபின்தான் மிகு விறைப்புள்ள கம்பிகளையும் குணம் குறையாமல் நேராகத் தர முடிந்தது. பழைய உருளை யந்திரத்துக்கே அந்தக் கதியென்றால், முதன்முதலாகக் குறடு பிடிக்கும் மாணவர் ஒரே இடத்தை முன்னும் பின்னும் பத்துத் தரம் ஆட்டினால் என்னாகும்?

கடையில் நேரான துண்டங்களாகவே கம்பி கிடைக்கிறதே, நிக்கல்-டைட்டானியம் வந்தபின் கம்பி வளைப்பதே அருகிவிட்டதே என்பார் சொல்லில் உண்மை இருக்கிறது. எனினும் கிராமத்துப் பிள்ளைக்குக் கழற்றி மாட்டும் கிளிப் செய்துகொடுக்கிற மருத்துவருக்கும் டெக்னீஷியனுக்கும் இந்த வித்தை இன்றும் அன்றாடத் தேவை. குறை பாடத்தில் இல்லை, நாம் மதிப்பிடும் முறையில் இருக்கிறது. பதிவேட்டில் ஒட்டிய நான்கு கம்பிகளும் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக் கையொப்பமிடுகிறோம். எப்படி நேராயின என்று கேட்பதில்லை. நேர்த்துண்டம் வாங்கி ஒட்டிய சாமர்த்தியசாலிக்கும், விரலால் உருவி உருவிக் கைகாய்த்தவருக்கும் ஒரே மதிப்பெண்.

அடுத்த செய்முறைப் பரீட்சையில் கண்ணாடிப் பலகைக்கருகே ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்து, கம்பியின்மேல் குறட்டுத் தடம் உண்டா என்று பார்க்கலாம். நான்கில் ஒன்றைப் பரீட்சகர் தாமே மடித்துக் கொடுத்து, மாணவர் அதனோடு மல்லுக்கட்டுகிறாரா, அல்லது வெட்டுக்குறட்டை எடுத்து அத்துண்டைத் தள்ளிவிட்டுப் புதுக்கம்பி கேட்கிறாரா என்று கவனிக்கலாம். புதுக்கம்பி கேட்பவருக்கே முழு மதிப்பெண் தரவேண்டுமென்பது என் கட்சி. மாறுபட்ட அபிப்பிராயமுள்ள ஆசிரியர்கள் எழுதினால், அடுத்த இதழில் அவர்கள் எழுத்துக்கு இடமுண்டு.