நர்ஸ் மாணவிகளும் ஆஸ்பத்திரி ஊழியமும்

புதுவைக்கு வடக்கே காலாப்பட்டில் பல்கலைக் கழகமும், மருத்துவக் கல்லூரியும், நர்ஸ் கல்லூரியும் கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கின்றன. நகை விற்றும் கடன் வாங்கியும் பெண்களை நான்கு வருஷ நர்ஸ் படிப்பில் சேர்க்கும் குடும்பங்கள் நம் நாட்டில் அநேகம். அப்பெண்கள் பட்டம் பெறுமுன்பே ஆஸ்பத்திரிகளில் உதவியாளராகச் சம்பளத்துக்கு ஊழியம் செய்யலாமா என்பது இன்று ஆராயத்தக்க கேள்வியாகும்.

செய்யலாம் என்பதே நமது அபிப்பிராயம். நோயாளியைக் குளிப்பாட்டுவதும், படுக்கை மாற்றுவதும், உணவூட்டுவதும், கைத்தாங்கலாக நடத்திச் செல்வதும் இழிவான தொழில்களல்ல. நர்ஸ் தொழிலின் அஸ்திவாரமே அவைதாம். அமெரிக்காவில் மாணவிகள் இவ்விதம் உழைத்துப் படிப்புச் செலவைத் தேடிக்கொள்வது சகஜம். உழைத்துப் படிப்பதில் அவமானம் யாதொன்றுமில்லை.

ஆயினும், உதவியாளர் என்று அமர்த்திவிட்டு நர்ஸின் வேலையை வாங்குவது வேறு விஷயம். நடுநிசியில் வார்டில் பொறுப்பாளர் ஒருவரே இருக்கிறார், நோயாளிகளோ பலர். “நீதான் படிக்கிறாயே, அந்த ஊசியைப் போட்டுவிட்டு வா” என்கிறார். வெள்ளுடையைக் கண்ட உறவினர் அவளை நர்ஸ் என்றே நம்புகின்றனர். மருந்து தவறினால் பொறுப்பாளி யார்? அவள் பெயர் பதிவேட்டில் இல்லை. “நாங்கள் நியமித்தது உதவியாளரையே” என்று நிர்வாகம் கை கழுவிவிடும். நோயாளிக்கு உயிர் நஷ்டம். மாணவிக்கு வாழ்வு நஷ்டம். 1947-ஆம் வருஷத்து இந்திய நர்ஸிங் கவுன்ஸில் சட்டமும், 2023-ல் இயற்றப்பட்ட தேசீய நர்ஸிங் கமிஷன் சட்டமும் பதிவேட்டை வற்புறுத்துவது இவ்வநியாயத்தைத் தடுப்பதற்கன்றோ?

பற்றாக்குறையே இதற்குக் காரணம் என்பர். 1946-ல் போர் கமிட்டியார், பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸே இருந்ததாகக் கணக்கிட்டனர். 2021 மே மாதத்தில் கொரோனா உச்சத்திலிருந்தபோது, இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த மாணவிகளை ஆசிரியர் மேற்பார்வையில் முழுநேரப் பணிக்கு அமர்த்த மத்திய சர்க்கார் இடமளித்தது. ஆபத்துக் காலத்துக்கு அது தகும்; ஆபத்து நீங்கிய பின்னும் அதையே வழக்கமாக்குவது தகாது. அமெரிக்காவில் 1923-லேயே கோல்ட்மார்க் அம்மையாரின் அறிக்கை, ஆஸ்பத்திரியின் தேவைக்கு மாணவியின் கல்வி பலியாவதை எடுத்துக் காட்டிற்று. இங்கிலாந்தில் 1989-ல் தொடங்கிய சீர்திருத்தம் மாணவிகளை வார்டின் ஆள் கணக்கிலிருந்து நீக்கியது.

உண்மையில் குறைவது ஆள் மட்டுமன்று, சம்பளமுமாகும். 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய சர்க்கார் அமைத்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலுங்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று சிபார்சு செய்தது. அதைக் கொடுக்க மனமில்லாத முதலாளிக்கு மாணவி மலிவான சரக்காகிறாள். அவள் மலியும்போது, பட்டம் பெற்ற அவளுடைய தமக்கையின் கூலியும் தாழ்கிறது. நாளை அவளே பட்டத்துடன் வந்து நிற்கையில், அவளுக்குக் காத்திருப்பதும் அந்தத் தாழ்ந்த கூலியே.

ஆகையால் நாம் கோருவது இதுவே: பாடத்திட்டப் பயிற்சி வேறு, கூலி வேலை வேறு என்று பிரித்து வைக்க வேண்டும், பயிற்சி நேரத்தை ஊழியமாக விற்கலாகாது. உதவியாளர் என்ற பெயர் சட்டையில் தமிழில் துலங்க வேண்டும். அவள் செய்யத்தக்க வேலைகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஊசியும் மருந்தும் இரத்தமும் அதில் சேரலாகாது. வேலை நேரத்துக்கு வரம்பும், அவள் கையிலேயே கூலியும் வேண்டும். நர்ஸுகளின் எண்ணிக்கையில் அவளைச் சேர்த்துக் காட்டுவதைக் குற்றமாகக் கொள்ள வேண்டும்.

புதுவை, தமிழ்நாட்டுச் சர்க்கார்கள் இவ்விதிகளை வகுத்து அமுலுக்குக் கொண்டுவரத் தாமதிக்கலாகாது. நமது வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருக்கையில், ஊசியுடன் வருபவர் யார் என்று மரியாதையுடன் கேளுங்கள். அக்கேள்வி உங்கள் நோயாளியை மாத்திரமல்ல, ஏழை வீட்டிலிருந்து படிக்க வந்த அப்பெண்ணையும் காக்கும்.