திரைக்கு வெளியே நிற்பவர்கள்

"எங்களுக்கெண்டு தனியப் போட்டி வைச்சால், அந்தப் பரிசையும் குறைஞ்ச பரிசெண்டுதானே பிள்ளை சனம் சொல்லும்?"

எங்கள் நிலையத்துக்கு வரும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு மட்டுமென ஒரு தையற்போட்டி நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். சமூகவியல் படித்தவள் என்ற தைரியத்தில் 'சமவாய்ப்பு' என்று ஏதோ விளக்கத் தொடங்கிய நான், அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். பதிலாக, அமெரிக்காவில் நடைபெறும் ஓர் இசைப்போட்டியைப் பற்றிச் சொன்னேன். சகோதரிகளே, இம்மாதம் அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வயலின், செலோ போன்ற வாத்தியங்களை வாசிப்போர் நிறைந்த பெரிய இசைக்குழுக்கள் அமெரிக்காவில் உள்ளன. 1970இல் அவற்றுள் முன்னணியில் இருந்த ஐந்து குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பின்னர், ஆட்களைத் தெரிவு செய்யும்போது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையில் திரை கட்டும் வழக்கம் பரவியது. குதிச் சப்பாத்தின் சத்தம் பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகத் தரையில் கம்பளமும் விரித்தார்கள்! 1990களின் பிற்பகுதியில் அந்தக் குழுக்களில் நான்கில் ஒருவர் பெண். திரை மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனாலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் கறுப்பின மக்களுக்கும் அதே திரை கதவைத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டு இசைக்குழுக்களில் கறுப்பினத்தவர் 1.8 வீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2.5 வீதம் மட்டுமே. திரைக்குப் பின்னால் வந்து நிற்பவருக்குத்தான் திரை நீதி செய்யும். அந்த இடத்துக்கு வந்துசேரவே முடியாதவரை அது என்ன செய்யும்?

வந்துசேர்வது லேசான காரியமல்ல. பிள்ளையின் கை வளர வளர, பள்ளிக்கூடச் சப்பாத்து மாற்றுவதுபோல, கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று வயலினையும் மாற்றவேண்டும். வாராவாரம் ஆசிரியருக்குக் கட்டணம். தேர்வுக்கு வேறு ஊருக்குப் போகப் பயணச் செலவு, தங்கும் செலவு. தகப்பன் இரண்டு வேலை செய்யும் வீட்டில் இவையெல்லாம் எங்கிருந்து வரும்?

ஆரன் டுவோர்கின் என்பவர் கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்து, யூத வெள்ளையினத் தம்பதியரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். ஐந்து வயதில் வயலின் பழகினார். கச்சேரிக்குப் போனால் மேடையிலும் சபையிலும் தன்னைப்போன்ற முகத்தைக் காண்பதே அரிது. கறுப்பினத்தவர் எழுதிய சாஸ்திரிய இசை உண்டு என்பதையே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தார். அவர் தொடங்கியதே 'ஸ்பிங்ஸ்' போட்டி. கறுப்பின, லத்தீன் வம்சாவளி இளையோருக்காக 1998இல் முதன்முதல் நடந்தது. இன்றும் ஆண்டுதோறும் டெட்ரோயிட் நகரில் நடக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஒரு பிரிவு, அதற்கு மேல் முப்பது வரை இன்னொன்று. இறுதிச் சுற்றில் அவர்கள் ஒரு முழு இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்போரும் கறுப்பின, லத்தீன் கலைஞர்களே.

போட்டி என்ற சொல்லே எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஒரு பிள்ளை சிரிக்க மற்றப் பிள்ளைகள் அழும் காரியம் அது. ஆனால் இந்த நிறுவனம் பரிசோடு நின்றுவிடவில்லை. டெட்ரோயிட்டிலும் பிளின்ற் நகரிலும் சிறுவர்களுக்கு வயலினும் பாடமும் இலவசமாகக் கொடுக்கிறது. 2018 முதல், இசைக்குழுத் தேர்வுக்குப் போவோரின் பயணச் செலவுக்கும் வேறு அமைப்புகளோடு சேர்ந்து உதவுகிறது. எனக்குப் பரிசுப் பணத்தைவிட அந்த பஸ் காசுதான் பெரிதாகப் படுகிறது. 2015 முதல் நிறுவனத்தை நடத்துபவர் அஃபா டுவோர்கின் என்ற பெண்மணி. அவரும் வயலின் பயின்றவர்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். குறைந்த பரிசா அது? எலேனா யூரியோஸ்ட் என்ற பெண் இரு பிரிவுகளிலும் முதலிடம் பெற்றவர். பின்னாளில் பிபிசி நிறுவனம் தெரிந்தெடுத்த புதிய தலைமுறைக் கலைஞர்களுள் ஒருவரானார். ராண்டல் கூஸ்பி 2010இல், பதின்மூன்று வயதில், இளையோர் பிரிவில் வென்றார். இன்று பெரிய இசைக்குழுக்கள் அவரை அழைத்து வாசிக்கவைக்கின்றன. அந்த மேடைகளில் எவரும் 'இது தனிப்போட்டிப் பிள்ளை' என்று விரலை மெதுவாக வைக்கச் சொல்வதில்லை.

கூஸ்பி பிலடெல்பியா இசைக்குழுவோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட இசைத்தட்டில் புளோரன்ஸ் பிரைஸ் என்பவரின் இரண்டு வயலின் ஆக்கங்கள் உள்ளன. 1933இல் சிக்காகோ இசைக்குழு இவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்தது. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை. 1953இல் அவர் இறந்தபின் பலரும் மறந்துபோனார்கள். 2009இல் இலினோய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைத் திருத்த வந்தவர்கள் கட்டுக்கட்டாக இசைத்தாள்களைக் கண்டார்கள். அது பிரைஸ் கோடையில் தங்கும் வீடு. அந்தக் கட்டுகளுக்குள்தான் இந்த வயலின் ஆக்கங்களும் இருந்தன.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த அக்கா, போட்டியை விட்டுவிட்டார்.

"கூரை இருந்ததோ அந்த வீட்டுக்கு?"

"மரம் விழுந்து ஓட்டையாம், அக்கா."

"அப்ப கடதாசியள் நனையேல்லையோ?"

நனையாத ஒரு பக்கத்தில் இருந்தனவாம் என்றேன். அவர் தையல் மெஷினின் மூடியைத் திறந்தபடி, "போட்டிக்கு எப்ப பேர் குடுக்கவேணும்?" என்று கேட்டார்.