சென்னையின் கழகம்: அன்றும் இன்றும்

சென்ற வெற்றியை நினைந்து ஏங்குதல் உதைபந்து அன்பர்க்கு இயல்பு. 2014ஆம் ஆண்டில் தோன்றிய சென்னையின் எப்.சி. கழகம், 2015இல் கோவாவை 3–2 என வென்று கோப்பை கொண்டது. 2018இல் பெங்களூரையும் அதே கணக்கில் வென்றது. 2024–25இலோ 13 கழகங்களுள் 11ஆம் இடமே எய்தியது. 'பொற்காலம் போயிற்று' என்பர் பலர். யான் அதற்கு உடன்படேன்.

அவ்விரு இறுதிப் பந்தயங்களிலும் நம் கணக்கில் ஏறிய 6 கோல்களை எண்ணிப் பார்மின். கோவாவின் காவலர் தவறித் தம் வலைக்குள்ளே தள்ளிய ஒன்று நீங்க, ஏனைய ஐந்தும் பிரேசில், கொலம்பியா நாட்டார் அடித்தனவே. அவர்தம் திறமை போற்றற்குரியது. ஆயினும் பருவம் முடிந்ததும் பிரிந்து செல்வோரை நம்பிய செல்வம் எத்துணை நாள் நிற்கும்?

2018 அரையிறுதியில், சென்னை அரங்கில், வியாசர்பாடித் தனபால் கணேஷ் அடித்த ஒரு கோலே எனக்கு அக்கோப்பைகளினும் பெரிது. நிலக்கோட்டை வெளிகளில் மாலைதோறும் வெறுங்காலுடன் பந்துதைக்கும் சிறுவருள் ஒருவன் அச்சட்டையணிந்து இறுதிப் பந்தயத்தில் கோல் அடிக்கும் நாளே பொற்காலமாம். அதுகாறும், தோற்பினும் கழகத்தைக் கைவிடோம். வென்ற நாளில் மட்டும் உடனிருப்பது அன்பன்று.