மாதாரி இருக்கலாம், கவுண்டர் கூடாதா?

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-இல் வெளிவந்த நாவல். கொங்குப் பகுதியில் கவுண்டர்களின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களின் கதை. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் கல்லூரியில் இளங்கலை மாணவர்கள் அதைத் தழுவி ஒரு காட்சியை நாடகமாக்கினார்கள். ஒத்திகைக்கு நானும் உதவினேன். மூன்றாம் நாள் நிர்வாகத்திடமிருந்து உத்தரவு வந்தது: ‘கவுண்டர்’ என்ற சொல் மேடையில் வரக் கூடாது, ‘முதலாளி’ என்று மாற்றுங்கள்.

தலைப்பிலேயே அருந்ததியரைக் குறிக்கும் ‘மாதாரி’ இருக்கிறதே, அது சாதிப் பெயர் இல்லையா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒடுக்கப்பட்டவரின் சாதியை ஊரறியச் சொல்லலாம். ஒடுக்கியவரின் சாதியைச் சொன்னால் மட்டும் ‘நல்லிணக்கம்’ கெட்டுவிடுமாம்!

மாற்றிய வசனத்தோடு ஒத்திகை நடந்தது. கை குவித்துக் குனிந்து நிற்கும் சிறுவனுக்கு முதலாளி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலாளியாக நடித்த மாணவர் கேட்டார்: “சொம்பையே கையில குடுத்துரலாமே, எதுக்குண்ணா மேலருந்து ஊத்தணும்?” சாதியை எடுத்துவிட்டால் அந்தச் செயலுக்கே பொருள் இல்லை. தீண்டாமை, கெட்ட முதலாளி ஒருவரின் குணமாகச் சுருங்கிவிடுகிறது.

‘மாதொருபாகன்’ எழுதியதற்காக இதே எழுத்தாளரைச் சாதிய அமைப்புகள் என்ன பாடுபடுத்தின என்பதைத் தமிழ்நாடு பார்த்தது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையின் பக்கம் நின்றது. அதற்குப் பிறகும் ஒரு கல்விக்கூடம் சாதிப் பெருமைக்குக் காவல் நிற்கிறதென்றால், அங்கே இலக்கியப் பாடம் எதற்கு?

மாணவர்களே, பெயரை மாற்றாமல் நடியுங்கள். அரங்கம் தர மறுத்தால் மரத்தடி இருக்கிறது.