சாரம் கட்டினவனுக்கும் வாசல் உண்டு

ஆப்பிரிக்க ஆண்களின் மரபு உடைப் படங்களுக்கு ‘செம ஸ்டைல்’ என்று ஹார்ட் போடுகிறோம். நைஜீரியாவின் கலபாரி ஆண்கள் விழாக்களில் இடுப்பில் சுற்றும் கட்டம்போட்ட ‘இஞ்சிரி’, தென்னிந்தியத் தறிகளில் நெய்து மெட்ராஸ் பெயரோடு கப்பலேறிய துணி. அதில் சில நூல்களை வெட்டி உருவி, புதுக்கோலம் கொடுத்து, தங்கள் மரபாக்கிக்கொண்டார்கள்.

அதன் பங்காளிதான் நம்ம ஊர் சாரம். ஆனால் நாகர்கோவிலில் சாரம் கட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ‘வேற துணி இல்லியாடே?’ என்பார்கள். கடலுக்குப் போகிறவனும் ரப்பர் வெட்டுகிறவனும் கட்டுவதாலேயே அது மட்டம்.

2014இல் வேட்டி கட்டிய நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபை வேட்டிக்காகச் சட்டம் போட்டது. நல்லது. சாரத்துக்காக யார் கோபப்பட்டார்கள்?

வேட்டிதான் மரபாம். யாருடைய மரபு? திருவிதாங்கூர் ஆட்சியில் இதே மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணியை இறக்க முடியாது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மாவட்டத்தில், உடையை வைத்து ஆளை அளக்க நமக்குக் கூச்சமே இல்லை.

அடுத்த கல்யாணத்துக்கு நான் சாரம் கட்டித்தான் வருவேன். பந்தியில் எழுப்பிவிடுங்கள், பார்ப்போம்.